ஹெல்த் கம்யூனிகேஷன்ல ஆராய்ச்சி பண்றேன்: எல்லாரும் என்கிட்ட கேக்குற கேள்விகள்

நான் ஒரு யுனிவர்சிட்டில மாஸ் கம்யூனிகேஷன் டிபார்ட்மென்ட்ல இருக்கேன். ஹெல்த் கம்யூனிகேஷன், டிஜிட்டல் மீடியா, இது ரெண்டும் சேர்ற இடத்துலதான் என் ஆராய்ச்சி, கூடவே கிளாஸும் எடுக்குறேன். ஸ்டூடன்ட்ஸ், சொந்தக்காரங்க, பிஹெச்சில (ஆரம்ப சுகாதார நிலையத்துல) பாக்குற நர்ஸக்காங்க, கல்யாண வீட்ல பக்கத்து இலைல உக்காந்தவங்க வரைக்கும் கேக்குறது பெரும்பாலும் ஒரே கேள்விங்கதான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்றதுக்கு பதிலா எல்லாத்தையும் இங்கயே எழுதிடுறேன்.

பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டிருக்கே, நீங்க டாக்டரா?

அது பிஹெச்டி. மருந்து எழுதித் தர மாட்டேன், உங்க பிளட் ரிப்போர்ட்ட அனுப்பி கேட்டா பதில் சொல்லவும் மாட்டேன், அது தப்பு. அதுக்கு பக்கத்துல இருக்குற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு போங்க, இல்லன்னா 104க்கு போன் பண்ணுங்க. டாக்டர் சொன்னது பேஷண்ட் காதுல எப்படி விழுந்துச்சு, பஸ் ஏறி வீடு போய் சேர்றதுக்குள்ள அது என்னவா மாறுச்சு, ராத்திரி போன்ல வந்த ஒரு வீடியோ அத எப்படி புரட்டிப் போட்டுச்சு, இதைத்தான் நான் பாக்குறேன்.

அதுல ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கு? சொன்னா புரிஞ்சுக்கப் போறாங்க.

ஒரு அரசு ஆஸ்பத்திரி வராண்டால நான் உக்காந்திருந்தப்போ நடந்தத சொல்றேன். ஒரு அம்மா, அம்பது வயசு இருக்கும், கைல சளி டெஸ்ட் ரிசல்ட் சீட்டு, பெஞ்சு ஓரமா உக்காந்து முந்தானைய வாயில வெச்சுக்கிட்டு அழுதுட்டு இருந்தாங்க. என்னம்மான்னு கேட்டேன். சீட்ட நீட்டினாங்க, டிபி டெஸ்ட், "நெகட்டிவ்"னு போட்டிருந்துச்சு. "நெகட்டிவ்னா கெட்டதுதானே தம்பி, டிவில எல்லாம் பாசிட்டிவா இருங்கன்னுதானே சொல்றாங்க"ன்னாங்க. அந்தப் பக்கமா வந்த நர்ஸக்கா சீட்ட வாங்கிப் பாத்துட்டு "உங்க சளில டிபி கிருமி இல்லம்மா, எழுந்திரிங்க"ன்னு சொன்னாங்க. ஒரே வரி. அந்த ஒரு வரிய ரிசல்ட் குடுத்த ஜன்னல்லயே சொல்லியிருந்தா அந்த அம்மா அரை மணி நேரம் செத்துப் பொழைச்சிருக்க வேண்டாம்.

இப்படி எவ்ளோ இருக்கு தெரியுமா. "சுகர் லேசா இருக்கு"ன்னு டாக்டர் சொன்னா மாத்திரை தேவையில்லன்னு புரிஞ்சுக்குறவங்க இருக்காங்க. "பிரஷர் நார்மலாயிடுச்சு"ன்னா மாத்திரைய நிறுத்திடலாம்னு நினைக்குறவங்க அதைவிட அதிகம், மாத்திரை போடுறதாலதான் நார்மலா இருக்குன்னு யாரும் அவங்ககிட்ட சொல்றதில்ல. இங்கிலீஷ் மருந்து சூடுன்னு சொல்லி பாதியில விடுறவங்க தனி.

அப்போ விழிப்புணர்வு விளம்பரம் எடுக்குறதுதான் உங்க வேலையா?

விளம்பரம் இதுல ஒரு பகுதி, அவ்ளோதான். ஆனா தமிழ்நாட்டுக்காரங்களுக்கு விளம்பரத்த வெச்சே புரிய வைக்கலாம். 2000களோட ஆரம்பத்துல தெருவுக்கு தெரு "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?"ன்னு போர்டு இருந்துச்சு, எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரத்துக்காக உருவாக்கின கற்பனை ஆளுதான் புள்ளிராஜா, ஞாபகம் இருக்கா? இந்தியால எச்ஐவி இருக்குன்னு முதல்முதலா கண்டுபிடிச்சதே சென்னைலதான், 1986ல, டாக்டர் சுனிதி சாலமனும் அவங்க மாணவி நிர்மலாவும் சேர்ந்து. அந்த காலத்துல இதப் பத்தி வீட்ல வாயத் திறக்க முடியாது. புள்ளிராஜா வந்தப்புறம் டீக்கடைல பேசினாங்க, பஸ் ஸ்டாண்டுல பேசினாங்க. அந்த வகைல அது பெரிய வெற்றின்னுதான் நான் சொல்வேன். ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு, கண்ட இடத்துக்கு போற ஆம்பளைக்குத்தான் எய்ட்ஸ் வரும்ங்கிற எண்ணத்தையும் அது சேர்த்தே விதைச்சிடுச்சு, புருஷன்கிட்ட இருந்து நோய் வந்த பொண்டாட்டி அந்தப் பார்வைய எப்படி தாங்குவாங்க? எத்தன பேர் பாத்தாங்கங்கிறத மட்டும் எண்ணிட்டு விட்டுடக் கூடாது, பாத்தவங்க மனசுல என்ன தங்குச்சுன்னு போய் கேக்கணும். நான் இதுக்கு வந்ததே அந்தக் கேள்விக்காகத்தான்.

வாட்ஸாப் ஃபார்வேர்ட எல்லாம் ஒரு யுனிவர்சிட்டில உக்காந்து படிக்கணுமா?

படிக்கணும், படிச்சே ஆகணும். 2017 பிப்ரவரில தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்துச்சு. தமிழ்நாடு, கர்நாடகா, கோவா, புதுச்சேரி, லட்சத்தீவு, இங்கதான் முதல்ல ஆரம்பிச்சாங்க, 9 மாசக் குழந்தைல இருந்து 15 வயசு வரைக்கும், தமிழ்நாட்டுல மட்டும் ஒண்ணேமுக்கால் கோடி பிள்ளைங்க. ஸ்கூல்லயே ஊசின்னு ஏற்பாடு. ஆனா ஊசி வர்றதுக்கு முன்னாடியே வாட்ஸாப்புல ஆடியோ வந்துடுச்சு. வெளிநாட்டு சதி, பிள்ளைங்கள வெச்சு டெஸ்ட் பண்றாங்க, பொம்பளப் பிள்ளைக்குப் போட்டா பின்னாடி குழந்தை தங்காதுன்னு. நிறைய பேர் பிள்ளைய அன்னைக்கு ஸ்கூலுக்கே அனுப்பல. பிப்ரவரியோட முடியவேண்டிய முகாம மார்ச்சுக்கும் நீட்டிக்க வேண்டியதாப் போச்சு.

ரூபெல்லா குழந்தைக்கு வந்தா லேசா ஜுரம், தடிப்பு, போயிடும். கர்ப்பத்தோட ஆரம்பத்துல இருக்குற பொண்ணுக்கு வந்தா வயித்துல இருக்குற பிள்ளைக்கு காது கேக்காமப் போகலாம், கண்ணுல புரை, இதயத்துல ஓட்டைன்னு வரலாம். அதாவது குழந்தைய காப்பாத்துறதுக்கான ஊசிய, குழந்தையே பொறக்காம பண்ற ஊசின்னு மாத்தி சொல்லிட்டாங்க.

அந்த நேரத்துல என் பெரியம்மா பொண்ணு என்கிட்ட கேட்ட கேள்வி இன்னும் ஞாபகம் இருக்கு. "என் பிள்ளைக்கு சின்ன வயசுலயே எல்லா ஊசியும் போட்டாச்சு, கார்டு இருக்கு, அப்புறம் எதுக்கு மறுபடியும் போடுறாங்க?" நியாயமான கேள்வி. இதுக்கு பதிலும் இருக்கு, முன்ன போட்டது தட்டம்மைக்கு மட்டும், இதுல ரூபெல்லாவும் சேர்ந்திருக்கு, ஒரே நேரத்துல எல்லா பிள்ளைக்கும் போட்டாத்தான் பரவுறது நிக்கும். ஆனா அவ பொண்ணு ஸ்கூல்ல இருந்து கொண்டு வந்த நோட்டீஸ்ல தேதி இருந்துச்சு, நேரம் இருந்துச்சு, இந்த பதில் இல்ல. ஆடியோல பதில் இருந்துச்சு, பொய்யான பதில், ஆனா இருந்துச்சு.

எப்பப் பாத்தாலும் "குழந்தை பொறக்காது"ன்னே ஏன் கிளம்புது?

இந்தக் கேள்விய கேட்டாலே எனக்கு சந்தோஷம், ஏன்னா இதுலதான் நான் ரொம்ப நாளா சுத்திட்டு இருக்கேன். உத்தரப் பிரதேசத்துல போலியோ சொட்டு மருந்துக்கு இதே வதந்தி, ரூபெல்லாவுக்கு இதே, கோவிட் ஊசிக்கு இதே. இங்கிலீஷ் மருந்து மேல மட்டும்தான்னு நினைக்காதீங்க, 2017ல டெங்கு இருந்த சமயத்துல நிலவேம்பு குடிநீர் குடிச்சா ஆண்மை போயிடும், குழந்தை தங்காதுன்னு அதுக்கும் ஒண்ணு சுத்துச்சு. மருந்து மாறுது, பயம் மாறல.

இத மூடநம்பிக்கைன்னு சொல்லிட்டுப் போயிடலாம், நான் அப்படி சொல்ல மாட்டேன். எமர்ஜென்சி காலத்த நினைச்சுப் பாருங்க, 1976-77ங்கிற ஒரே வருஷத்துல நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் மேல குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் நடந்துச்சு, வட மாநிலங்கள்ல ஆளப் புடிச்சு வண்டில ஏத்தி கொண்டு போனதெல்லாம் பதிவாகியிருக்கு. சர்க்கார் ஆளு வீட்டு வாசலுக்கு இலவசமா மருந்தோட வந்தா எதுக்கு வந்திருக்கான்னு ஒரு தாத்தாவுக்கு சந்தேகம் வந்தா, அது ஒண்ணுமில்லாத இடத்துல இருந்து வந்த சந்தேகம் இல்ல. அதோட நம்ம ஊர்ல கல்யாணம் ஆன ஆறாவது மாசத்துல இருந்து "விசேஷம் ஏதாவது இருக்கா"ன்னு கேக்குற வழக்கம் வேற. குழந்தை இல்லன்னா அந்தப் பொண்ணு என்ன பாடுபடும்னு எல்லாருக்கும் தெரியும். அதனால அந்த ஒரு வார்த்தைக்கு இருக்குற பலம் வேற எந்த பயத்துக்கும் இல்ல.

உத்தரப் பிரதேசத்துல இத எப்படி சரி பண்ணாங்கன்னா, அந்தந்த தெருவுலயே இருக்குற பொம்பளைங்கள வேலைக்கு எடுத்து வீடு வீடா அனுப்பினாங்க, பள்ளிவாசல் இமாம்கள்கிட்ட உக்காந்து பேசினாங்க, அவங்க கையாலயே பிள்ளைங்களுக்கு சொட்டு மருந்து குடுக்க வெச்சாங்க. சொட்டு மருந்தோட சேர்த்து வயித்துப்போக்கு, கை கழுவுறது, மத்த ஊசின்னு அந்த வீட்டுக்கு வேண்டியதையும் கேட்டாங்க. 2011 ஜனவரி 13, மேற்கு வங்கம் ஹவுரால ஒரு சின்னப் பொண்ணுக்கு வந்ததுதான் இந்தியால கடைசி போலியோ கேஸ். 2014 மார்ச் 27ல போலியோ இல்லாத பகுதின்னு சர்டிபிகேட் வந்துச்சு. அதுக்குப் பின்னாடி மருந்து எவ்ளோ இருக்கோ அவ்ளோ பேச்சும் இருக்கு.

படிச்சவங்க கூட இதெல்லாம் நம்புறாங்களே, எப்படி?

படிப்புக்கும் இதுக்கும் நாம நினைக்குற அளவு சம்பந்தம் இல்ல. உலகத்துலயே பெரிய தடுப்பூசி வதந்தி ஒண்ணு, எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூணுக்கும் சேர்த்து போடுற) ஊசி போட்டா ஆட்டிசம் வரும்ங்கிறது, அது கிளம்பினதே லான்செட்ங்கிற பெரிய மெடிக்கல் ஜர்னல்ல இருந்துதான். 1998ல ஆண்ட்ரூ வேக்ஃபீல்டுங்கிற டாக்டர் வெறும் 12 குழந்தைங்கள வெச்சு எழுதின பேப்பர். 2010ல லான்செட் அத வாபஸ் வாங்குச்சு, அதே வருஷம் பிரிட்டன்ல அவரோட டாக்டர் பதிவையும் எடுத்துட்டாங்க. ஆனா இன்னைக்கும் சென்னைல நல்லாப் படிச்ச அப்பா அம்மா அத என்கிட்ட கேக்குறாங்க.

ஒரு மெசேஜ நம்புறமா இல்லையாங்கிறத யாரு அனுப்பினாங்கங்கிறதுதான் பெரும்பாலும் முடிவு பண்ணுது. ஃபார்வேர்ட் பண்றவங்களுக்கு ஊரக் கெடுக்கணும்னு ஆசையா என்ன? தன்னோட அக்கா பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாதேன்னு பதறிப்போய் அனுப்புறாங்க. அது அன்புதான். அத முட்டாள்தனம்னு திட்டுனா அவங்க அடுத்த தடவ உங்களுக்கு அனுப்பமாட்டாங்க, மத்தவங்களுக்கு அனுப்புவாங்க.

அப்போ குடும்ப குரூப்ல சித்தப்பா தப்பா ஒண்ணு போட்டா என்னதான் பண்றது?

குரூப்லயே "இது ஃபேக்"னு லிங்க் போடாதீங்க, நாப்பது பேர் முன்னாடி பெரியவங்கள தலைகுனிய வெச்ச மாதிரி ஆயிடும், அப்புறம் அவர் உண்மைக்காக இல்ல மானத்துக்காக சண்டை போடுவாரு. தனியா போன் பண்ணுங்க. மொதல்ல அவர் ஏன் அத அனுப்பினாருன்னு கேளுங்க. "சித்தப்பா, சுகருக்கு மாத்திரைய நிறுத்திட்டு இந்தக் கஷாயம்னு போட்டிருக்கீங்களே, உங்களுக்கு மாத்திரை ஒத்துக்கலையா?"ன்னு கேட்டுப் பாருங்க, பாதி நேரம் அங்க வேற ஒரு கதை வெளிய வரும். மாத்திரை போட்டா மயக்கமா வருதுன்னு யார்கிட்டயும் சொல்லாம வெச்சிருப்பாரு. அதுக்கு டாக்டரப் பாத்தா டோஸ மாத்துவாங்க. அதுக்கப்புறம் அவரையே குரூப்ல திருத்திப் போடச் சொல்லுங்க, அவர் சொன்னாத்தான் எடுபடும்.

கோவிட் நேரத்துல என்ன தப்பாப் போச்சு?

உலக சுகாதார நிறுவனத்தோட தலைவர் டெட்ரோஸ் 2020 பிப்ரவரிலயே சொன்னாரு, நாம ஒரு தொற்றுநோயோட மட்டும் சண்டை போடல, தகவல் தொற்றோடயும் (இன்ஃபோடெமிக், அதாவது நோய் மாதிரியே பரவுற பொய்த் தகவல்) சண்டை போடுறோம்னு. இன்ஃபோடெமிக்ங்கிற அந்த வார்த்தைய 2003ல சார்ஸ் வந்தப்பவே ஒரு பத்திரிகைக் கட்டுரைல பயன்படுத்தியிருக்காங்க, புதுசு இல்ல.

நம்ம ஊருக்கு வந்தா எனக்கு மொதல்ல மனசுல வர்றது நடிகர் விவேக். 2021 ஏப்ரல் 15ஆம் தேதி சென்னை ஓமந்தூரார் அரசு ஆஸ்பத்திரில தடுப்பூசி போட்டுக்கிட்டு, எல்லாரும் போட்டுக்கங்கன்னு அவ்ளோ அக்கறையா பேசினாரு. மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி போயிட்டாரு. ஊசிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு அரசாங்கம் உடனே சொல்லுச்சு, பல மாசம் கழிச்சு நிபுணர் குழுவும் விசாரிச்சு அதையேதான் சொன்னாங்க. ஆனா நேத்து ஊசி இன்னைக்கு மாரடைப்புன்னு பாத்த மனசுக்கு "சம்பந்தம் இல்ல"ங்கிற ரெண்டு வார்த்தை போதுமா? இரத்தக் குழாய்ல அடைப்பு ஒரே நாள்ல உருவாகுறது இல்ல, வருஷக்கணக்கா சேர்றது, ஊசி போடாத எத்தனையோ பேருக்கும் அன்னைக்கு மாரடைப்பு வந்திருக்கும், விசாரணைய யார் பண்ணுவாங்க, எத்தன நாள் ஆகும், இதெல்லாம் பொறுமையா, தினமும், டிவிலயும் போன்லயும் சொல்லியிருக்கணும். பயப்படாதீங்கன்னு சொன்னா பயம் போகாது, பயத்துக்கு மரியாதை குடுத்து உக்காந்து விளக்கணும்.

தமிழ்லயே எல்லா தகவலும் குடுத்துட்டா பிரச்சினை தீர்ந்துடாதா?

பாதி தீரும். அதுவும் பேசுற தமிழா இருந்தா. மொழிபெயர்த்த போஸ்டர்ல இருக்குற தமிழ வாசிச்சா எனக்கே சில நேரம் புரியாது.

மிச்ச பாதிக்கு பெரு நாட்டுக் கதை ஒண்ணு இருக்கு, எங்க கிளாஸ்ல எப்பவும் சொல்றது. லாஸ் மோலினோஸ்னு ஒரு கிராமம், 200 குடும்பம், 1950கள்ல தண்ணிய காய்ச்சிக் குடிக்க வைக்கணும்னு ஒரு சுகாதாரப் பணியாளர் ரெண்டு வருஷம் வீடு வீடா ஏறி இறங்கினாங்க. கடைசில மாறினது வெறும் 11 குடும்பம். ஏன்னா அந்த ஊர்ல சாப்பாட்ட சூடு குளிர்ச்சின்னு பிரிச்சு வெச்சிருந்தாங்க, காய்ச்சின தண்ணி நோயாளி குடிக்கிறதுங்கிறது அவங்க வழக்கம், நல்லா இருக்குறவங்க அதக் குடிச்சா மத்தவங்க என்ன நினைப்பாங்க? அவங்க மொழிலதான் சொன்னாங்க, சொன்னது உண்மைதான், கிருமின்னும் விளக்கினாங்க. சூடு குளிர்ச்சிய யாரும் கேக்கல. இந்தக் கதைய சொல்லும்போது நம்ம பசங்க சிரிக்கிறதில்ல, அவங்க வீட்லயும் பப்பாளி சூடு, இளநி குளிர்ச்சிதானே.

அப்புறம் போன் யார் கைல இருக்குங்கிறது. 2019-21 தேசிய குடும்பநல சர்வேல, நாடு முழுக்க இன்டர்நெட் ஒரு தடவையாவது பயன்படுத்தின ஆம்பளைங்க 57.1 சதவீதம், பொம்பளைங்க 33.3 சதவீதம். கர்ப்பிணிக்கு அனுப்புற மெசேஜ் புருஷன் போனுக்குத்தான் போகுதுன்னா அது அவங்களுக்கு போய் சேர்ந்துச்சான்னு எப்படி சொல்றது? அந்த இடத்துல கிராம சுகாதார செவிலியர் நேர்ல போய் கதவத் தட்டுறதுக்கு ஈடா எந்த ஆப்பும் கிடையாது.

யூடியூப்ல வர்ற டாக்டர்கள நம்பலாமா?

நல்லவங்க நிறைய பேர் இருக்காங்க, தமிழ்ல அழகா விளக்குறாங்க. ஆனா கோட்டு போட்டவங்க எல்லாம் டாக்டர் இல்ல, டாக்டர் எல்லாரும் எல்லாத்துக்கும் டாக்டர் இல்ல. 2018 ஜூலைல திருப்பூர்ல வீட்லயே பிரசவம் பாத்து ஒரு பொண்ணு ரத்தப்போக்குல இறந்துபோனாங்க, வீடியோ பாத்து பிரசவம் பாத்ததா அப்போ செய்தி வந்துச்சு. அந்தச் செய்தி வந்தப்புறம் நான் அந்த மாதிரி வீடியோக்களோட கமெண்ட்ட எல்லாம் உக்காந்து படிச்சேன். ஆஸ்பத்திரில திட்டினாங்க, அடிச்சாங்க, கேக்காம வயித்தக் கிழிச்சாங்கன்னு எழுதியிருந்தவங்க எத்தன பேரு. வீடியோ போட்டவர் மேல கோவம் வந்துச்சு, அதே அளவுக்கு அவங்கள அந்த வீடியோ வரைக்கும் துரத்தினவங்க மேலயும் வந்துச்சு.

ஒரு விஷயம் தெரிஞ்சு வெச்சுக்கங்க, சக்கரை, புற்றுநோய் மாதிரி வியாதிங்கள குணப்படுத்துறேன்னு மருந்துக்கு விளம்பரம் பண்றதே 1954ல போட்ட சட்டப்படி குற்றம். வீடியோ கடைசில வாட்ஸாப் நம்பர் குடுத்து பொடி விக்கிறாங்களான்னு பாருங்க, வித்தா அப்பவே மூடிடுங்க. 2023ல இருந்து ஹெல்த் பத்தி ஆலோசனை சொல்லி விளம்பரம் பண்ற இன்ஃப்ளுயன்சர் தன்னோட தகுதிய சொல்லணும்னு விளம்பரத் தர கவுன்சிலோட விதியும் இருக்கு.

வாட்ஸாப் கம்பெனி ஒண்ணும் பண்ணலையா?

கொஞ்சம் பண்ணாங்க. 2018ல இந்தியால ஃபார்வேர்ட ஒரு நேரத்துக்கு அஞ்சு சாட்டுக்குன்னு குறைச்சாங்க, 2019ல உலகம் முழுக்க. 2020 ஏப்ரல்ல இன்னும் இறுக்கி, ஏற்கனவே நிறைய கை மாறி வந்த மெசேஜ்னா, அதான் ரெண்டு அம்புக்குறி வருமே, அத ஒரு நேரத்துக்கு ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும்னு ஆக்கினாங்க. அதுல அந்த மாதிரி மெசேஜ் 70 சதவீதம் குறைஞ்சதா அவங்களே சொன்னாங்க. வேகம் குறையுறது நல்லதுதான், ஆனா பதில் இல்லாத கேள்வி அப்படியேதான் இருக்கு.

நீங்க எங்க குரூப்புக்குள்ள வந்து பாக்குறீங்களா?

இல்லவே இல்ல. பாக்கவும் முடியாது, அனுப்பினவங்களும் வாங்கினவங்களும் தவிர வேற யாரும் படிக்க முடியாத மாதிரிதான் வாட்ஸாப் இருக்கு. ஜனங்க தானா குடுத்தா மட்டும்தான் எனக்கு டேட்டா. யுனிவர்சிட்டி எத்திக்ஸ் கமிட்டி பர்மிஷன் இல்லாம ஒரு ஆள்கிட்டயும் பேட்டி எடுக்க முடியாது, என்ன கேக்கப்போறேன், எங்க வெச்சிருப்பேன், எப்போ அழிப்பேன்னு எல்லாம் தமிழ்ல சொல்லி சம்மதம் வாங்கணும். நடுவுல வேண்டாம்னு தோணுனா எழுந்து போயிடலாம்.

இந்தப் படிப்பு படிக்க என்ன பண்ணணும்?

மாஸ் கம்யூனிகேஷன், சோஷியல் ஒர்க், பப்ளிக் ஹெல்த், நர்சிங், எதுல இருந்து வேணா வரலாம். கணக்கு கொஞ்சம் வேணும், சர்வே டேட்டாவப் பாத்து பயப்படக்கூடாது. என்கிட்ட வர்ற ஸ்டூடன்ட்ஸ மொதல் மாசம் எதுவும் எழுத விட மாட்டேன், ஒரு பிஹெச்சி ஓபி வரிசைல தினம் ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டு வரச் சொல்வேன், ஜனங்க பேசிக்கிறத காதுல வாங்கிட்டு வந்தா போதும்.

எங்க குரூப்ல வந்த மெசேஜ உங்களுக்கு அனுப்பலாமா?

தாராளமா. ஸ்க்ரீன்ஷாட்னா மத்தவங்க பேரையும் நம்பரையும் மறைச்சிடுங்க. ஆடியோன்னா அப்படியே ஃபார்வேர்ட் பண்ணுங்க, நீங்க சுருக்கி எழுத வேண்டாம், குரல்லதான் பாதி விஷயம் இருக்கு. எந்த தேதில வந்துச்சுன்னு போடுங்க. அதோட, அது வந்தவுடனே உங்க வீட்ல யாராவது ஒரு கேள்வி கேட்டிருப்பாங்க இல்லையா, "அப்போ நாளைக்கு பாப்பாவுக்கு ஊசி போடலாமா வேண்டாமா"ன்னு, அந்தக் கேள்விய அவங்க கேட்ட அதே வார்த்தைல எழுதி அனுப்புங்க. மெசேஜ விட எனக்கு அதுதான் ரொம்ப வேணும்.